பக்கத்து மனையில் ஆழக் குழி: குடியிருப்போர் செய்யும் தவறுகள்

பக்கத்து மனையில் ஜேசிபி இறங்கியதும் முதலில் கேட்பது "பட்டா யார் பேரில்?" என்பதைத்தான். நிலம் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் பட்டா சொல்லும், மண்ணைச் சொல்லாது. சென்னைப் புறநகரில் ஏரி, வாய்க்கால், பழைய கிணறு எனப் பலவும் இடிபாடு கொட்டி மேடாக்கப்பட்டு மனையாகியிருக்கின்றன. இன்றைய பதிவேட்டில் அந்த இடம் வெறும் புஞ்சையாக நிற்கலாம். அந்த சர்வே எண்ணின் புல வரைபடத்தை (நில அளவைத் துறையின் எல்லைப் படம்) எடுத்து, கிணறோ வாய்க்காலோ குறித்திருக்கிறதா என்று பாருங்கள். உட்பிரிவு ஆகியிருந்தால், பிரிப்பதற்கு முந்தைய தாய் எண்ணில் தேடுங்கள். கூகுள் எர்த்தின் பழைய மழைக்காலப் படங்களில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதுவும் தெரியலாம்.

"அஞ்சடி தள்ளித்தானே தோண்டுறாங்க" என்று இருந்துவிடாதீர்கள். தூரத்தை ஆழத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கெட்டி மண்ணில் 12 அடிக் குழியின் பாதிப்பு ஏறத்தாழ 12 அடி வரை வரும். கொட்டிய மண்ணிலும் ஈரக் களியிலும் இரண்டு மடங்கு வரைகூடப் போகலாம். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்தால் பாரம் கூடி ஓரம் சரியும். கட்டுமானப் பாதுகாப்பு விதிப்படி, குவியல் 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறுவது, குழியில் ஊறும் நீரை இறைக்கும் மோட்டாரை. குழி காய்ந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். ஆனால் இரவு பகலாக இறைக்கும்போது சுற்றுவட்டார நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, களிமண் அமுங்கும். நுண்மணலும் சேர்ந்து வெளியேறினால் உங்கள் வீட்டின் கடைக்காலுக்கு (அஸ்திவாரத்துக்கு) அடியில் வெற்றிடம் விழும். வெளியேறும் நீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். மழை வந்தால் நிலைமை இன்னும் மோசம்: 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் சுமார் 50 அடி ஆழக் குழியின் ஓரம் சரிந்து இருவர் இறந்தார்கள்.

விரிசல் விட்டதும் சிமெண்ட் பூசிவிடுவது மகா தவறு; சாட்சியமே அழிந்துபோகும். தோண்டத் தொடங்கும் முன்பே எல்லாச் சுவர்களையும் தேதி தெரியும்படி படமெடுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, அகலத்தை மில்லிமீட்டரில் குறித்து வாருங்கள். கோடு நீண்டால், ஜன்னல் மூலையில் சாய்வாக வெடித்தால், கதவு இறுகினால் காத்திருக்காதீர்கள்.

சட்டத்திலும் ஒரு சிக்கல். 1882 வசதியுரிமைச் (ஈஸ்மென்ட்) சட்டப்படி பக்கத்து மண்ணின் தாங்கல், அதாவது உங்கள் நிலம் சரியாமல் அது தரும் பிடிமானம், இயற்கை நிலையில் உள்ள நிலத்துக்குத்தான் தானாகவே கிடைக்கும். வீட்டின் பாரத்துக்கும் அந்தத் தாங்கலை உரிமையாகக் கேட்க, 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்திருக்க வேண்டும். எனவே புது வீட்டுக்காரர்கள் தோண்டுபவரின் அலட்சியத்தையும் சேதத்தையும் நிரூபித்தாக வேண்டும்.

"ஆபத்தாக உள்ளது" என்று மட்டும் எழுதிய மனு நகராது. ஆழம், உங்கள் சுவரிலிருந்து தூரம், குழியின் ஓரம் சரியாமல் தடுப்பு இருக்கிறதா, மோட்டார் ஓடும் நேரம், விரிசல் அளவு ஆகியவற்றைப் படங்களோடு எழுதி உள்ளாட்சிப் பொறியாளருக்குக் கொடுங்கள். குழி பொது வழியை ஒட்டியிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் ஒரு பிரதி கொடுத்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற நடைமுறைச் சட்டம்) 152-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, ஆபத்தை நீக்க உத்தரவு கேளுங்கள். இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.