நிலாவெளியில் ஸ்நோர்கெலிங், டைவிங்: முதல்முறை போகும் ஜோடிகளுக்கு

கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குக் கடல் என்றால் உயிர், இன்னொருவருக்கு நீச்சலே தெரியாது. பல ஜோடிகள் இப்படித்தான். இரண்டு பேருக்கும் ஒத்துவரும் இடம் கேட்டால் நான் நிலாவெளியைச் சொல்வேன். திருகோணமலைக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புறாமலை என்ற சிறு தீவு. ஆழத்துக்குப் போகிறவருக்கு அங்கே சுறா உண்டு, போகாதவருக்கு இடுப்பளவுத் தண்ணீரிலேயே மீன் உண்டு. எந்த நாளில் எதைச் செய்வது என்ற வரிசைதான் முக்கியம். நான்கு இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம்.

1. முதலில் மாதம்

மே முதல் செப்டம்பர் வரை போகலாம். இலங்கையின் கிழக்குக் கரைக்கும் சென்னையைப் போலவே வடகிழக்குப் பருவமழைதான். நவம்பர், டிசம்பரில் கடல் கொந்தளிக்கும், தண்ணீரும் கலங்கிவிடும். அப்போது அறை மலிவாகக் கிடைத்தாலும் மயங்க வேண்டாம்.

2. முதல் நாள்: கரையிலேயே பயிற்சி

வந்த அன்றே படகு ஏறாதீர்கள். மாலையில் விடுதிக்கு முன்னால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பழகுங்கள். முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் திணறுவது மாஸ்க் பொருந்தாததால்தான்.

வாரைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் அளவு. விழுந்தால் வேறு கேளுங்கள், கடைக்காரர் “சரியாகிடும்” என்று சொன்னாலும் விடாதீர்கள். மீசைக்காரர்களுக்கு மேலுதட்டு வழியாகத் தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே மெல்லிய கோடு அளவு மழித்தால் போதும், முழு மீசையையும் தியாகம் செய்ய வேண்டியதில்லை. கண்ணாடியின் உட்புறம் எச்சில் தடவி அலசினால் ஆவி படியாது. அருவருப்பாக இருந்தால் ஒரு துளி பேபி ஷாம்பு.

அப்புறம் மூச்சு. ஸ்நோர்கெல் என்ற மூச்சுக்குழாயைப் பல்லால் மெதுவாகக் கவ்வி, உதட்டை மூடி, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து வாயால் மூச்சு விடுங்கள். பதறாமல் ஐந்து நிமிடம் இருக்க முடிந்த பிறகு காலைத் தரையிலிருந்து எடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் “தூ” என்று ஒரே ஊதலில் வெளியேற்ற வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். நீச்சல் தெரியாதவர் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே பழகட்டும், அதில் வெட்கம் எதற்கு? தெரிந்தவர் பக்கத்தில் நின்றால் போதும், வாத்தியார் வேலை பார்த்தால் சண்டைதான் வரும்.

3. இரண்டாம் நாள்: புறாமலை

காலையில் முதல் ஆளாகக் கிளம்புங்கள். நேரம் ஆக ஆகக் கூட்டம் சேரும், காற்றும் எழும். புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா, அதனால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். படகு வாடகை தலைக்கு அல்ல, படகுக்கு. இன்னொரு ஜோடியைச் சேர்த்துக்கொண்டால் பாதியாகிவிடும்.

முழுக்கைச் சட்டையும் நீளமான டைட்ஸும் போடுங்கள். குப்புற மிதக்கும்போது முதுகும் கெண்டைக்காலும்தான் வெந்துபோகும். வெயிலுக்கான கிரீமை அப்பிக்கொண்டு இறங்குவதைவிடத் துணியே மேல். சில கிரீம்களில் உள்ள ஆக்ஸிபென்சோன் பவளத்துக்குக் கேடு. கரை முழுக்க உடைந்த பவளக்கல், வெறுங்காலில் நடந்தால் கிழித்துவிடும்.

கிளிமீன், கோமாளி மீன், அதிர்ஷ்டம் இருந்தால் ஆமை, துடுப்பு நுனி கறுத்த சுறா எல்லாம் பார்க்கலாம். சுறா என்றதும் பயப்படாதீர்கள். ஒன்றரை மீட்டர் அளவுதான், மனிதரைக் கண்டால் அதுவே ஒதுங்கிப் போகும். துரத்தாமல், கையை வீசாமல் மிதந்தால் நிறைய நேரம் தெரியும். பவளத்தின் மேல் மட்டும் நிற்காதீர்கள். களைத்தால் மல்லாந்து மிதந்து இளைப்பாறுங்கள்.

4. மூன்றாம் நாள்: டைவிங்

சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அறிமுக டைவ் உண்டு. பயிற்சியாளர் கூடவே வருவார், ஆழம் 12 மீட்டரைத் தாண்டாது. முன்னதாக மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுப் பிரச்சினை இருந்தால் மறைக்காதீர்கள். சளி பிடித்திருந்தால் அன்று வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் டைவிங்கே கூடாது.

இரண்டு விஷயங்கள் மனதில் இருக்கட்டும். ஒன்று, காது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. வலி வரும் முன்பே, இறங்கத் தொடங்கியதுமே மூக்கைப் பிடித்து லேசாக ஊதிக் காதைச் சமன் செய்துகொண்டே போக வேண்டும். வலித்தால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். இரண்டு, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. 10 மீட்டரில் இழுத்த காற்று மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். அடக்கி வைத்தால் நுரையீரலுக்கு ஆபத்து.

தண்ணீருக்குள் “என்னங்க” என்று கூப்பிட முடியாது, எல்லாம் கைச்சைகைதான். நிலத்தில் கட்டைவிரலை உயர்த்தினால் பிரமாதம் என்று அர்த்தம், அங்கே “மேலே போகலாம்” என்று அர்த்தம். சந்தோஷத்தில் அதைக் காட்டினால் பயிற்சியாளர் உங்களை மேலே கூட்டிப்போய்விடுவார். நலம் என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வட்டம் காட்டுங்கள்.

டைவ் செய்யாதவர் அறையில் சும்மா இருக்க வேண்டாம். நேற்றுப் பழகியதைக் கரையோரமாகத் தொடரலாம்.

5. நான்காம் நாள்: தரையில்தான்

ஒரே நாளில் இரண்டு டைவ் போயிருந்தால் விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதனால்தான் டைவிங்கைக் கடைசி நாளில் வைக்கவில்லை.

இந்த நாளுக்குத் திருகோணமலையே போதும். காலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மாலையில் கடலோரப் பாறையான சுவாமிமலைமேல் கோணேசர் கோயில். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்த பழைய கோயிலின் தூண்களும் கற்களும் அந்தப் பாறைக்குக் கீழே கடலில் கிடக்கின்றன. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய டைவிங் கூட்டாளி மைக் வில்சனும் அங்கே மூழ்கிப் பார்த்தார்கள். முதல்முறை டைவர்களுக்கான இடம் அல்ல அது, மேலே நின்று எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவும் உங்கள் திட்டத்தில் இருந்தால் அதை நிலாவெளிக்கு முன்னால் வைத்துவிடுங்கள். கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம் அது, டைவ் முடிந்த உடனே மலை ஏறுவதும் விமானம் ஏறுவதைப் போன்ற சிக்கல்தான்.