சிறுநீர்க் குழாய்வழித் தொற்று: நோயாளியின் வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், தொண்டி, கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து இடுப்பெலும்பு முறிவுக்கோ பக்கவாதத்துக்கோ இராமநாதபுரத்திலும் மதுரையிலும் சேர்க்கப்படும் முதியவர்களில் பலருக்குச் சிறுநீர்க் குழாய் (சிறுநீரை வெளியேற்றச் செருகும் கதீட்டர்) பொருத்தப்படுகிறது. அதன் வழியே தொற்றும் மருத்துவமனைக் கிருமிகள் பல மருந்துகளுக்கு ஏற்கெனவே பழகியவை, ஈ.கோலை, கிளெப்சியெல்லா ஆகியவற்றில் பல, செஃப்ட்ரையாக்சோன் போன்ற ஊசி மருந்துகளையே சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. ஆகவே வீரியமான மருந்து எது என்று தேடுவதற்கு முன், குழாய் இன்னும் ஏன் இருக்கிறது என்று கேட்பதே சரி.

படுக்கை நனையாமலிருக்கிறது என்பதற்காகக் குழாயை விட்டுவைப்பதே பெரிய தவறு. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை கூடுகிறது. கிருமிகள் குழாயின் சுவரில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்வதால், இரத்தத்தில் போதிய மருந்து இருந்தாலும் அவை முழுவதும் அழிவதில்லை. தப்பியவையே எதிர்ப்புத்திறனுடன் பெருகுகின்றன. சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கும், மணிக்கொரு முறை சிறுநீரின் அளவு பார்க்க வேண்டிய தீவிர சிகிச்சை நோயாளிக்கும் குழாய் தேவைதான். மற்றவர்களுக்கு, "இன்றைக்கு எடுத்துவிடலாமா, டாக்டர்?" என்று தினமும் கேட்பதில் தவறில்லை.

மதுரைக்கு மாற்றும்போது ஆம்புலன்ஸில் குழாயோடு இணைந்த, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துவிடுகிறார்கள். பையிலுள்ளது சிறுநீர்ப்பைக்குத் திரும்பாமலிருக்க, அது எப்போதும் இடுப்புக்குக் கீழேயே, தரையைத் தொடாமல் தொங்க வேண்டும்.

கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குப் பையில் தேங்கிய சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தால், நோய்க்குத் தொடர்பில்லாத கிருமிக்கெல்லாம் மருந்து எழுதப்படும். மாதிரியை, கிருமிக்கொல்லி மருந்தின் முதல் டோஸுக்கு முன்பே, குழாயில் அதற்கென உள்ள இடத்திலிருந்து செவிலியர் எடுக்க வேண்டும்; குழாய் போட்டு இரண்டு வாரம் கடந்திருந்தால் புதிய குழாய் மாற்றி அதிலிருந்து எடுப்பதே முறை. நம் கரையோர வெயிலில் மாதிரி இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே கிடந்தால் கிருமிகள் பெருகிப் பொய்க்கணக்குக் காட்டும். உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாதபோது குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

அறிக்கையில் கிருமி இருக்கிறது என்பதற்காகவே மருந்து கேட்பதும் தவறு. ஒரு மாதம் குழாயோடு இருப்பவரின் சிறுநீரில் ஏறக்குறைய எப்போதும் கிருமி இருக்கும். காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவலி போன்ற அறிகுறி இல்லையென்றால், கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப் பாதை அறுவைக்குச் செல்வோரையும் தவிரப் பிறருக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. குடிநீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்களில் கோடையில் குறைவாகக் குடிப்பவரின் சிறுநீர் மஞ்சளாகவும் வாடையோடும் இருப்பது இயல்பு. அதை மட்டும் வைத்துத் தொற்று என்று சொல்ல முடியாது.

பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் செஃபிக்ஸிம் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விற்பனைக்குக் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலான, 2014 முதல் நடைமுறையிலுள்ள எச்1 அட்டவணையில் அது இருக்கிறது, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது.

கல்ச்சர் முடிவு வந்தபின் மருத்துவர் விலையுயர்ந்த ஊசியை நிறுத்திச் சாதாரண மாத்திரைக்கு மாற்றினால், கவனிப்புக் குறைந்துவிட்டதாக உறவினர்கள் குறைபடுகிறார்கள். உண்மையில் அதுதான் நல்ல மருத்துவம். மெரோபெனம் போன்ற வீரியமான ஊசி மருந்துகளை வேறு வழியில்லாதவருக்காக ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டோடு கல்ச்சர் அறிக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீண்டும் காய்ச்சல் வந்தால், எந்த மருந்து கேட்காது என்பதை அடுத்த மருத்துவர் அதைப் பார்த்தே அறிவார்.