துணைநிற்கப் போகிறவர்களுக்கு: மேற்குக் கரையில் நான் செய்த தவறுகள்

போன மாதம், இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரைக்குப் புறப்பட இருந்த புதியவர்களோடு ஒரு நாள் பயிற்சியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் தான் எழுதிப் பழகிய அறிக்கையை வாசித்தார். பயிற்சிக்குக் கொடுத்த குறிப்பில், சோதனைச் சாவடி வரிசை 40 நிமிடம் நகரவில்லை என்று இருந்தது. அவர் "மணிக்கணக்காக" என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "கொஞ்சம் அழுத்திச் சொன்னாத்தானே அக்கா கேப்பாங்க?" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. எருசலேம் திருச்சபைத் தலைவர்கள் அழைத்ததன் பேரில், உலகத் திருச்சபைகள் மன்றம் 2002-ல் துணைநிற்போர் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டனில் அதை நடத்திவந்தவர்கள் குவேக்கர்கள்; போரை எதிர்க்கும் ஒரு கிறிஸ்தவச் சபையினர். மூன்று மாதம் போய் அங்கே தங்க வேண்டும். சாவடிகளில் நின்று எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை பேர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்று எண்ண வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு நடக்க வேண்டும். ஒலிவ அறுவடையில் விவசாயிகளோடு நிற்க வேண்டும். ஊர் திரும்பியதும் பார்த்ததை எம்.பி.க்களிடமும் சபைகளிடமும் சொல்ல வேண்டும். படம் எடுக்கும் முன் கேட்பது, உடை, பாஸ்போர்ட் போன்றவற்றைப் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை ஒன்பதாக்குவது

நான் இருந்த மூன்றாவது வாரம், எபிரோனுக்குத் தெற்கே ஆடு மேய்ப்பவர்களின் சிறு குடியிருப்பு ஒன்றுக்குக் காலையிலேயே போனோம். அது சி பகுதி. மேற்குக் கரையில் சுமார் 60 விழுக்காடு நிலம் இந்தப் பகுதியில் வருகிறது. கட்டட அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் முழுக்க இஸ்ரேல் ராணுவத்தின் சிவில் நிர்வாகம்தான். பாலஸ்தீனருக்கு அனுமதி கிடைப்பது அரிது. அனுமதி இல்லாமல் கட்டினால் இடிப்பார்கள்.

நாங்கள் போனபோது புல்டோசர் திரும்பிப் போய்விட்டது. ஆட்டுப்பட்டியின் தகரம் மடங்கிக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம் கிழிந்து, சுற்றிலும் மண் நனைந்திருந்தது. வீட்டின் முன்னால், காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லுக்கு அடியில் ஒரு தாள். எபிரேயத்தில் இருந்தது. வீட்டுக்காரருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவருடைய அம்மா எங்களுக்கு மரமியா இலை போட்ட தேநீர் கொடுத்தார். தொட்டி போன வீட்டில் அந்தத் தேநீருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று இரவே பிரிட்டனில் உள்ள என் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதினேன். "வீடுகளை இடித்துவிட்டார்கள், 11 குழந்தைகள் தெருவில் நிற்கிறார்கள்" என்று எழுதினேன். உண்மையில் இடிந்தது பட்டியும் தொட்டியும். வீட்டுக்கு வந்திருந்தது வேலையை நிறுத்தச் சொல்லும் ஆணை. குழந்தைகளில் நான் எண்ணியது நான்கு பேர். மீதி அண்டை வீட்டார் சொன்ன கணக்கு. எழுதும்போது பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை. கோபத்தில் கை தானாக ஓடியது.

அந்த அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பாக விசாரித்திருக்கிறார். மூன்று வாரம் கழித்து பதில் வந்தது: அந்தத் தேதியில் அந்த இடத்தில் குடியிருப்பு எதுவும் இடிக்கப்படவில்லை என்று தெரிகிறது, நன்றி. அவ்வளவுதான். அவர்கள் சொன்னது சரி. என் கடிதத்தில் இருந்த மெய்யான விஷயமும் அதோடு செத்தது. கல்லுக்கு அடியில் இருந்த தாளில் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு தேதி போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து யாராவது குரல் கொடுத்திருந்தால் பயன்பட்டிருக்கக் கூடிய நாட்கள் அவை. சில மாதம் கழித்து அந்த வீடு உண்மையிலேயே இடிக்கப்பட்டபோது மறுபடி எழுதினேன். பதிலே வரவில்லை. ஒரு முறை தவறாகச் சொன்னவள் என்று என்னை நினைவில் வைத்திருந்தார்களோ என்னவோ.

இன்றும் இதை நினைத்தால் எரிச்சல் வருகிறது, அதிலும் புதியவர்கள் இதையே செய்யும்போது. நிறுத்தாணை, இடிப்பாணை, இடிப்பு, பறிமுதல் நான்கும் வேறு வேறு. வந்தவர்கள் ராணுவத்தினரா, எல்லைக் காவல் படையா, ஆக்கிரமித்த நிலத்தில் இஸ்ரேலியர் அமைத்த குடியேற்றத்தின் காவலாளிகளா, ஆயுதம் வைத்த குடியேறிகளா என்பதும் முக்கியம். ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் வேறு பாதை, வேறு பொறுப்பாளி. எல்லாவற்றையும் கலந்து "அநியாயம்" என்று எழுதினால், அந்த அநியாயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் எளிதாகத் தப்பித்துக்கொள்வார்.

குவேக்கர்கள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்தவர்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்றால் மற்ற நேரம் என்ன பேசுகிறேன் என்பது அவர்கள் கேள்வி. அதற்காகச் சிறைக்கும் போனார்கள். அந்த மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டு போய்விட்டு, நான்கு குழந்தைகளைப் பதினொன்றாக்கினேன்.

அப்புறம் என் குறிப்பேட்டை மாற்றிக்கொண்டேன். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரிப்பேன்: பார்த்தது, கேட்டது, நினைத்தது. கேட்டதற்கு எதிரே யார் சொன்னார், அவர் நேரில் பார்த்தாரா என்று எழுதுவேன். மூன்றாவது பத்தியில் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். ஆனால் கடிதத்துக்கு முதல் பத்திதான் போகும்; தேவைப்பட்டால், யார் சொன்னது என்ற விவரத்தோடு இரண்டாவது.

நடுநிலை என்று வாயை மூடிக்கொள்வது

இது எதிர்ப்பக்கத் தவறு. சிலர் குவேக்கர்களின் மௌன வழிபாட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "இரண்டு தரப்பிலும் தப்பு இருக்கிறது" என்று முடித்துவிடுவார்கள். மனிதர்களுக்கு இடையே பாரபட்சம் காட்டக் கூடாது, சரி. சாவடியில் நிற்கும் பத்தொன்பது வயதுச் சிப்பாயும் மனிதன்தான். கொல்லப்பட்ட இஸ்ரேலியருக்காக அழுவதும் இந்த வேலையின் பகுதிதான். ஆனால் ஆக்கிரமிப்பையும் அதற்குக் கீழே வாழ்பவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆக்கிரமித்த நிலத்தில் தன் குடிமக்களைக் கொண்டுபோய்க் குடியேற்றக் கூடாது என்கிறது நான்காம் ஜெனீவா ஒப்பந்தம். இஸ்ரேல் கட்டும் பிரிப்புச் சுவர் ஆக்கிரமிப்பு நிலத்துக்குள் போவது சட்டவிரோதம் என்று 2004-லும், ஆக்கிரமிப்புப் பகுதியில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்று 2024-லும் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. பிரிட்டன் குவேக்கர்களும் ஆக்கிரமிப்பில் லாபம் பார்க்கும் நிறுவனங்களில் தங்கள் பணத்தைப் போடுவதில்லை என்று 2018-ல் முடிவெடுத்தார்கள்.

சாவடியில் சிப்பாயோடு வாதாடுவது

வேண்டாம். கதவு மூடினால் வயலுக்குப் போக முடியாமல் நிற்பவர் நீங்கள் இல்லை.

அமைதியைச் சொல்லிக்கொடுக்கப் போவது

ரமல்லாவில் குவேக்கர்களின் பெண்கள் பள்ளி 1869-ல் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த குவேக்கர் எலி ஜோன்ஸிடம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று முதலில் கேட்டது உள்ளூர்ப் பெண் ஒருத்தி. 1910-ல் கட்டிய வழிபாட்டு இல்லம் இன்னும் நிற்கிறது. 1948 போரில் வீடிழந்து வந்தவர்கள் அங்கே தங்கினார்கள். அன்பும் அகிம்சையும் என்ன என்று அந்த ஊர்க்காரர்களுக்கு மூன்று மாத விருந்தாளி வகுப்பு எடுக்கத் தேவையில்லை. போய் உட்காருங்கள், கேளுங்கள்.

நிவாரணத்தோடு நிறுத்திக்கொள்வது

காசாவில் குவிந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளுக்கு உணவும் கூடாரமும் கொடுக்கும் பொறுப்பை ஐ.நா. 1948 கடைசியில் அமெரிக்கக் குவேக்கர்களிடம் ஒப்படைத்தது. 1950-ல் ஐ.நா.வின் அகதிகள் நிறுவனத்திடம் அதைக் கொடுத்துவிட்டு அவர்கள் விலகினார்கள். முடிவில்லாமல் நிவாரணம் கொடுத்துக்கொண்டே போனால் அரசியல் தீர்வு தள்ளிப்போகும் என்ற கவலையை அப்போதே ஐ.நா.விடம் சொன்னார்கள். போர்வை வாங்க நிதி திரட்டுகிறவர்கள் அதே கையோடு எம்.பி.க்கும் எழுதுங்கள்.

ஏழு கோரிக்கையோடு எம்.பி.யைப் பார்ப்பது

ஒன்றோடு போங்கள். என் கடிதத்தில் அன்று இருந்திருக்க வேண்டிய ஒன்று: "ஆட்சேபத் தேதி முடிவதற்குள் நம் தூதரகத்திலிருந்து ஒருவர் அந்தக் குடியிருப்புக்கு நேரில் போய் வரட்டும்."