வலென்சியாவில் பயேயாவை மதியமே சாப்பிடுங்கள்

ஸ்பெயினின் வலென்சியாவுக்குப் போகிறீர்களா? பயேயா என்ற சோற்று உணவை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது பகல் சாப்பாடு. அசல் வலென்சியா பயேயாவில் இறால், மீன் எதுவும் இருக்காது. கோழி, முயல் கறி, பீன்ஸ், குங்குமப்பூ சேர்த்து அகலமான தட்டை வாணலியில் வேகவைத்த சோறு. அடியில் மொறுமொறுவென்று பிடித்திருக்கும் காந்தலுக்குச் சொக்கராட் என்று பெயர். ருசியே அதில்தான், கூச்சப்படாமல் சுரண்டி எடுங்கள். முயல் ஒத்துவராது என்றால் கடல் உணவு பயேயாவும் தனியாகக் கிடைக்கும்.

அப்புறம் சாயங்காலம் ஓர்ச்சாத்தா என்ற பானம். கோரை இனத்துக் கிழங்கை ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, சர்க்கரை போட்டு ஜில்லென்று தருவார்கள். வெள்ளையாக இருந்தாலும் பால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. பக்கத்து ஊரான அல்போராயா இதற்குப் பேர்போனது. பாட்டிலில் அடைத்தது வேண்டாம். கடையில் அன்றன்றைக்கு அரைத்ததையே கேளுங்கள். தொட்டுச் சாப்பிட ஃபார்த்தோன் என்ற நீளமான இனிப்பு பன்னும் உண்டு.