மென்பொருள் நிறுவும்போது செய்யக் கூடாதவை

கடலூரில் என்னிடம் பழுதுபார்க்க வரும் கணினிகள் பலவற்றில் பழுது என்று எதுவும் இருப்பதில்லை. எதையோ தேடி, எங்கிருந்தோ இறக்கி, நிறுவியிருப்பார்கள். படிக்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்தாதீர்கள் என்பது போன்ற அறிவுரைகளை விட்டுவிடுகிறேன். எல்லோரும் சொல்லியாகிவிட்டது, யாரும் கேட்டபாடில்லை.

தேடலில் முதலில் வருவதை நம்புவது

மேலே வருவது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். 2022-இல் விஎல்சி பிளேயரின் அதிகாரபூர்வத் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் கண்ட இடத்தில் இறக்கிப் பழகியவர்கள் இன்னும் அங்கேயே போகிறார்கள். உண்மையான முகவரி வீடியோலான் டாட் ஆர்க். அதில் விஎல்சி என்ற பெயரே வராததால், பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்ட போலித் தளங்கள்தான் அசலாகத் தோன்றுகின்றன. சந்தேகம் வந்தால் அந்த மென்பொருளின் விக்கிப்பீடியா பக்கத்தைத் திறந்து, ஓரத்துப் பெட்டியில் இருக்கும் இணைப்பின் வழியாகப் போங்கள்.

ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு கிராக் போடுவது

காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை இலவசமாக ஓட வைக்கும் திருட்டு வழிதான் கிராக். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும்.

எல்லாம் ஒரே மாதிரிதான் நடக்கும். யூடியூப் வீடியோவின் கீழே ஓர் இணைப்பு. அதை அழுத்தினால் பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பு. பாஸ்வேர்டும் பக்கத்திலேயே, 1234 என்று. ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டு எதற்கு? பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது, அதற்குத்தான். அடுத்த வரி: ‘டிஃபெண்டரை அணைத்துவிட்டு நிறுவவும், அது தவறாக வைரஸ் என்று காட்டும்.’ டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திற என்று வாசலில் நின்று சொல்கிறவனை யாராவது உள்ளே விடுவார்களா? கணினியில் விடுகிறார்கள்.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு டிடிபி சென்டர். ஆவணி முகூர்த்த நேரம், பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது. புதிய போட்டோஷாப்பில் படத்தின் பின்னணியை ஒரே சொடுக்கில் நீக்கலாம் என்று யாரோ சொல்ல, உரிமையாளர் கிராக் இறக்கிவிட்டார். மறுநாள் ஒரு பத்திரிகையும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மி’ என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி விலை, 490. ஆடித் தள்ளுபடி போல அறிவித்திருந்தார்கள். “வீடியோவில் அணைக்கச் சொன்னார்களே தம்பி” என்றார் அவர்.

அது ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவு’ எனப்படும் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ் வகை. முக்கியமாகக் கிராக்குகள் வழியாகத்தான் பரவியது. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. ஆனால் அதற்குப் பின் வந்த வகைகளில், தாக்கும் நேரத்தில் வைரஸால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் போயிருந்தால்தான் கோப்புகள் மீள வாய்ப்பு உண்டு. இவர் கடையில் ஃபைபர் இணைப்பு பிரமாதமாக வேலை செய்துகொண்டிருந்தது. பேக்கப் ஹார்டு டிஸ்க்கும் செருகியபடியே இருந்ததால் அதுவும் போயிற்று. வாடிக்கையாளர்களின் கையில் இருந்த புரூஃப் தாள்களை வாங்கி மறுபடி தட்டச்சு செய்தார்கள்.

பின்னணி நீக்கத்தானே? ஜிம்ப் இலவசம், பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான். ஃபோட்டோபீயை நிறுவக்கூட வேண்டாம், பிரவுசரிலேயே போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பைத் திறக்கும்.

ஏற்கெனவே கிராக் போட்டுவிட்டவர்களுக்கு: டிஃபெண்டரை மறுபடி இயக்கினால் மட்டும் போதாது. ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். கிராக் இருந்த ஃபோல்டரை அங்கே சேர்த்திருந்தால், டிஃபெண்டர் அதை இன்றுவரை தொடாமல் விட்டுவைத்திருக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் திருடு போயிருக்கலாம். வேறொரு கணினியிலிருந்து எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

டிரைவர் அப்டேட்டர், ரேம் பூஸ்டர், கிளீனர்

வேண்டாம்.

தமிழில் எழுத ஏதோ ஒன்றை இறக்குவது

விண்டோஸ் 11-இல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

போனில் யாரோ சொன்னதற்காக, தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க விடும் ரிமோட் செயலி நிறுவுவது

போனை வையுங்கள்.

பென் டிரைவில் சுமக்கும் பழைய செட்டப் கோப்புகள்

நண்பர்களுக்கு உதவுகிறவர்கள் செய்யும் தவறு இது. அவர்கள் பென் டிரைவில், சுருக்கிய கோப்புகளைத் திறக்கும் வின்ரார் இல்லாமல் இருக்காது, அதுவும் அரதப்பழசாக. வின்ராரில் ஏஸ் வகைக் கோப்புகளைத் திறக்கும் பகுதியில் ஏறக்குறைய 19 ஆண்டுகளாக ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது. 2019-இல் வந்த 5.70 பதிப்பில்தான் அதை அடைத்தார்கள். இன்னொரு ஓட்டை 2023-இல் 6.23 பதிப்பில் அடைபட்டது. வின்ரார் தானாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. எனவே நீங்கள் நிறுவிக் கொடுத்த பழைய பதிப்பு அந்த ஓட்டைகளோடு அப்படியே கிடக்கும். செட்டப் கோப்புகளை அழித்துவிட்டு, அதிகாரபூர்வத் தளங்களின் முகவரிகளை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி அதே பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.