ரெவிட்டில் நான்கு பேர் சேர்ந்து ஒரே கட்டடத்தை வரைய: சென்ட்ரல் மாடல் அமைப்பது எப்படி?

கட்டடங்களை முப்பரிமாண மாடலாக வரையும் ரெவிட் மென்பொருளில், ஒரு வீட்டை ஒருவரே வரையும்வரை பெரிய தலைவலி இருக்காது. அடுக்குமாடி, பள்ளிக்கூடம் என்று வேலை பெரிதாகி, ஒருவர் படிக்கட்டையும் இன்னொருவர் கழிப்பறைகளையும் வரைய வேண்டி வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆளுக்கொரு ஃபைலை வைத்துக்கொண்டு கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒட்டும் வேலையே இரண்டு நாளைத் தின்றுவிடும். இதற்காகவே ரெவிட்டில் வொர்க்‌ஷேரிங் என்ற வசதி இருக்கிறது: சர்வரில் 'சென்ட்ரல் மாடல்' என்ற ஒரே பொது ஃபைல் இருக்கும், ஆளுக்கொரு பிரதியில் வரைந்து அதோடு சேர்த்துக்கொள்வார்கள்.

ஓர் அலுவலகம், ஒரு சர்வர், நான்கு கணினிகள் என்று வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். முதல் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அமைப்பைச் சரியாகச் செய்துவிட்டால், பிறகு வரும் தகராறுகளில் பெரும்பகுதி வராமலே போகும்.

வரையத் தொடங்கும் முன் மூன்று சோதனைகள்

முதலில் பதிப்பு. நான்கு பேரிடமும் ஒரே ஆண்டின் ரெவிட் இருக்க வேண்டும். 2023 ஃபைலை ஒருவர் 2024-இல் திறந்து சேமித்துவிட்டால், மற்றவர்களால் அதைத் திறக்கவே முடியாது. பழைய பதிப்பாகச் சேமிக்கும் வழி ரெவிட்டில் இல்லை. வசதிகள் குறைந்த பதிப்பான ரெவிட் எல்டி வைத்திருப்பவர்களுக்கு வொர்க்‌ஷேரிங் வசதியே கிடையாது என்பதையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பயனர் பெயர். ஆப்ஷன்ஸ் திறந்து, ஜெனரல் பகுதியில் பாருங்கள். எந்தச் சுவர் யாரிடம் இருக்கிறது என்பதை ரெவிட் இந்தப் பெயரை வைத்துத்தான் கணக்கு வைக்கிறது. இரண்டு கணினிகளில் 'அட்மின்' என்று ஒரே பெயர் இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று அது நம்பிவிடும். ஆட்டோடெஸ்க் கணக்கில் உள்நுழைந்திருந்தால் அந்தக் கணக்கின் பெயரே இங்கே வரும். அதனால் ஒரே கணக்கை இருவர் பகிர்வது வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, ஃபைல் இருக்கும் இடம். சர்வர் ஃபோல்டருக்கு ஒருவர் கணினியில் இசட் டிரைவ், இன்னொருவர் கணினியில் ஒய் டிரைவ் என்று பெயர் இருந்தால் குழப்பம்தான். எல்லோருக்கும் ஒரே பாதை அமையட்டும். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரியான ஃபோல்டரில் சென்ட்ரல் மாடலை வைக்காதீர்கள். அவை ஃபைலை முழுசாக நகலெடுப்பவை. அதற்குள் எந்தக் கதவை யார் எடுத்திருக்கிறார் என்பது அவற்றுக்குத் தெரியாது. வேறு வேறு ஊரிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஆட்டோடெஸ்க்கின் பிம் கொலாபரேட் ப்ரோ இருக்கிறது. அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

சென்ட்ரல் மாடலை உருவாக்குதல்

இதை ஒரே ஆள் செய்யட்டும். லெவல்களையும் (தள உயரக் கோடுகள்) கிரிட்களையும் (தூண்களின் அச்சுக் கோடுகள்) வரைந்து, சரிபார்த்து, நகராதபடி 'பின்' போட்டுப் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் என்றாவது ஒருநாள் யாரோ தெரியாமல் ஒரு கிரிட்டை இழுத்துவிடுவார்கள், அதோடு கட்டப்பட்ட தூண்களும் கூடவே நகரும்.

பிறகு கொலாபரேட் டேபில் உள்ள 'கொலாபரேட்' பொத்தானை அழுத்தி, 'வித்தின் யுவர் நெட்வொர்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லெவல், கிரிட்களுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என்று இரண்டு வொர்க்செட்களை (மாடலின் பொருட்களைப் பிரித்துவைக்கும் தொகுதிகள்) ரெவிட் தானே உருவாக்கும். இப்போது சேவ் ஆஸ் கொடுத்து, சர்வர் ஃபோல்டரில், பெயரிலேயே 'சென்ட்ரல்' என்ற சொல் வரும்படி சேமியுங்கள்.

இந்த ஃபைலை அதன்பின் விண்டோஸ் வழியாக நகர்த்தவோ, பெயர் மாற்றவோ கூடாது. தன் பாதை எது என்பது ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும். பக்கத்தில் பேக்கப் என்று ஒரு ஃபோல்டர் முளைத்திருக்கும்; இடம் போதவில்லை என்று அதை அழித்துவிடாதீர்கள்.

வொர்க்செட்: எத்தனை போதும்?

ஆட்டோகேடிலிருந்து வருபவர்கள் வொர்க்செட்டை லேயர் என்று நினைத்து, சுவருக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று என்று இருபது முப்பது உருவாக்கிவிடுவார்கள். அது தேவையே இல்லை. கதவை மட்டும் மறைக்க விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் இருக்கிறது. நடுத்தரக் கட்டடத்துக்கு வெளிச்சுவர், உள்வேலை, ஃபர்னிச்சர் என்று மூன்று நான்கு போதும்.

ஆனால் ஒரு விஷயத்தில் தாராளமாக இருங்கள்: லிங்க் செய்யும் (வெளியிலிருந்து மாடலோடு இணைத்துக் காட்டும்) ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி வொர்க்செட் கொடுங்கள். ஸ்ட்ரக்சரல் மாடல் ஒன்றில், ஏசி வேலை ஒன்றில், சைட் சர்வே ஒன்றில். உட்புறம் வரைபவருக்கு சர்வே தேவையில்லை என்றால், ஃபைலைத் திறக்கும்போதே அந்த வொர்க்செட்டை மூடிவைத்துத் திறக்கலாம். வெறுமனே மறைத்தால் ஃபைல் நினைவகத்தில் உட்கார்ந்தேதான் இருக்கும். மூடினால் அந்தப் பாரம் குறையும். லிங்க்கின் வொர்க்செட்டை மாற்றும்போது பிராப்பர்ட்டீஸில் இன்ஸ்டன்ஸுக்கும் டைப்புக்கும் இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். பலர் தவறவிடும் இடம் இது.

எல்லாம் முடிந்ததும் வொர்க்செட் பட்டியலில் 'எடிட்டபிள்' பத்தியில் எல்லாவற்றுக்கும் 'நோ' கொடுத்து, சிங்க் செய்து (உங்கள் மாற்றங்களைச் சென்ட்ரலில் சேர்த்து, மற்றவர்களுடையதைப் பெற்று) வெளியே வாருங்கள். உருவாக்கியவர் பெயரிலேயே எல்லாம் நின்றுவிட்டால் மற்ற மூவரும் அவற்றில் ஏற்கெனவே இருப்பதை மாற்ற முடியாது.

தினமும் காலையில்

யாரும் சென்ட்ரல் மாடலை நேரடியாகத் திறந்து வரையக் கூடாது. ரெவிட்டின் ஓப்பன் பெட்டியில் அதைத் தேர்ந்தெடுத்து, கீழே 'கிரியேட் நியூ லோக்கல்' டிக் இருக்கிறதா என்று பார்த்துத் திறந்தால், உங்கள் பெயர் ஒட்டிய லோக்கல் காப்பி உங்கள் கணினியில் உருவாகும். முந்தின நாளின் வேலையை முழுக்க சிங்க் செய்திருந்தால், தினமும் புதுக் காப்பி எடுப்பது நல்ல பழக்கம். வரையத் தொடங்கும் முன் கீழ்ப் பட்டையில் எந்த வொர்க்செட் நடப்பில் இருக்கிறது என்று ஒரு பார்வை. நீங்கள் வைக்கும் சுவரும் கதவும் அதில்தான் போய்ச் சேரும்.

ஒரே சுவரை இருவர் தொட்டால்

கார்த்திக் படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரை நகர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். நகர்த்திய நொடியிலேயே அந்தச் சுவர் அவர் பெயரில் கடனாகிவிடும். இதற்கென்று அவர் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. இதே சுவரை 230 மில்லிமீட்டர் டைப்புக்கு மாற்ற மீனா முயன்றால், ரெவிட் அவரைத் தடுத்து, சுவர் கார்த்திக்கிடம் இருப்பதாகச் சொல்லும். அந்தப் பெட்டியிலேயே 'பிளேஸ் ரிக்வெஸ்ட்' இருக்கும். மீனா அதை அழுத்தினால் கார்த்திக்கின் திரையில் அறிவிப்பு வரும்.

கார்த்திக் சுவரை எடுத்துவைத்திருக்கிறாரே தவிர மாற்றவில்லை என்றால், 'கிராண்ட்' கொடுத்தாலே போதும். நகர்த்திவிட்டதால் அவர் சிங்க் செய்துதான் விட முடியும். அப்புறம் மீனா 'ரீலோட் லேட்டஸ்ட்' கொடுத்து, சுவர் புது இடத்துக்கு வந்ததைப் பார்த்தபின் டைப்பை மாற்றலாம். இத்தனையும் ஒரு நிமிட வேலை. "மீனா, விட்டுட்டேன்" என்று வாயால் ஒரு வார்த்தை சொல்வது இன்னும் வேகம்.

இதனால்தான் முழு வொர்க்செட்டையும் 'எடிட்டபிள்' ஆக்கி எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன். தேவையான பொருள் மட்டும் தானாகக் கடனாகட்டும்.

சிங்க் செய்யும் முறை

நேரடியாகச் சின்ன பொத்தானை அழுத்தாமல், 'சிங்க்ரனைஸ் அண்ட் மாடிஃபை செட்டிங்ஸ்' வழியாகப் போய்ப் பழகுங்கள். எதையெல்லாம் திருப்பிக் கொடுக்கப்போகிறீர்கள் என்று டிக் பெட்டிகள் அங்கே கண்ணுக்குத் தெரியும். கடன் வாங்கியவை, நாமே உருவாக்கிய வொர்க்செட்கள் இரண்டையும் டிக் செய்யுங்கள். கமென்ட் பெட்டியில் 'இரண்டாம் தளக் கழிப்பறை முடிந்தது' என்பது மாதிரி ஒரு வரி எழுதுங்கள். பிறகு 'ஷோ ஹிஸ்டரி'யில் யார் எப்போது என்ன செய்தார் என்று தேட இந்த வரிதான் உதவும். ஃபைல் அளவைச் சுருக்கும் 'காம்பேக்ட்' டிக் தினமும் வேண்டாம், நேரம் எடுக்கும். வாரம் ஒரு முறை போதும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிங்க் செய்வது நல்லது. ஆனால் நால்வரும் சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒருவர் முடியும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிட இடைவெளி பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையிலும் விடுமுறைக்கு முன்பும்

ரெவிட்டை மூடும்போது வரும் கேள்விகளை அவசரத்தில் அழுத்தாதீர்கள். சிங்க் செய்யாமல் மூடி, உரிமையை வைத்துக்கொள்ளும் தெரிவைக் கொடுத்துவிட்டு ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால், அவர் கையில் இருந்த சுவர்கள் அவர் வரும்வரை பூட்டியே கிடக்கும். அவர் பெயரை இன்னொரு கணினியின் ஆப்ஷன்ஸில் போட்டுத் திறந்து, 'ரெலின்க்விஷ் ஆல் மைன்' கொடுத்து விடுவிக்கலாம். ஆனால் அவர் லோக்கல் காப்பியில் சிங்க் ஆகாமல் கிடந்த வேலை பிறகு சேராமல் போகலாம். முதலில் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் சிங்க் செய்து மூடியபின், ஒருவர் மட்டும் சென்ட்ரலை 'டிட்டாச் ஃப்ரம் சென்ட்ரல்' (சென்ட்ரலோடு தொடர்பறுத்த பிரதி) டிக்குடன் திறந்து, வொர்க்செட்களைத் தக்கவைக்கும் தெரிவைக் கொடுத்து, தேதியோடு வேறு ஃபோல்டரில் சேமிக்கட்டும். வாடிக்கையாளருக்கு அனுப்பவும் இந்தப் பிரதியையே எடுங்கள், சென்ட்ரலைத் தொட வேண்டாம்.