64 பிட் அப்ளிகேஷன்ல டேட்டாபேஸ் டிரைவர் கிராஷா? அழிச்சு போடறதுக்கு முன்னாடி இத பாருங்க

தை மாசம், சம்பா அறுவடை. மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லு, எடைமேடைல நெல்லு லாரி வரிசையா நிக்குது, புதுசா வாங்குன கம்ப்யூட்டர்ல எடைச்சீட்டு போடற சாஃப்ட்வேர் திறந்த ரெண்டு செகண்ட்ல தானா மூடிக்குது. "தம்பி, டிரைவர மூணு தடவ அழிச்சு திரும்ப போட்டுட்டேன்"னு மில்லுக்காரர் போன்ல சொன்னாரு (டிரைவர்னா லாரி டிரைவர் இல்ல, புரோகிராமையும் டேட்டாபேஸையும் இணைக்கற சாஃப்ட்வேர்). புதுசா கத்துக்கிற எல்லாரும் முதல்ல அதத்தான் பண்றாங்க, அதனாலதான் இத எழுதறேன்.

முதல்ல டேட்டா ஃபைல ஒரு காப்பி எடுத்து வைங்க. கிராஷ் ஆகற நேரத்துல ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு.

அடுத்து ஈவென்ட் வியூவர் (விண்டோஸ் எரர பதிஞ்சு வைக்கற இடம்), அதுல விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன். சிவப்பா நிக்கற என்ட்ரில 'ப்ரொவைடர் நாட் ரெஜிஸ்டர்டு'ன்னு இருந்தா உண்மைல டிரைவர் கிராஷ் ஆகல, 64 பிட் புரோகிராமுக்குள்ள 32 பிட் டிஎல்எல் (டிரைவர் இருக்கற ஃபைல்) லோடே ஆகாது, அந்த எரர நம்ம கோடு பிடிக்காம விட்டதால மூடிக்குது. ஃபால்ட்டிங் மாட்யூல்ல டிரைவரோட பேரும் கோடு சி0000005-ன்னும் இருந்தா அது மெமரி பிரச்சனை, அத கடைசில சொல்றேன்.

இப்ப புரோகிராம் எத்தன பிட்டுன்னு பாக்கணும். டாஸ்க் மேனேஜர், டீடெயில்ஸ், காலம் தலைப்புல ரைட் கிளிக் பண்ணி பிளாட்ஃபார்ம் (சில விண்டோஸ்ல ஆர்கிடெக்சர்) டிக் பண்ணுங்க, தெரிஞ்சிடும்.

டிரைவர் பக்கம்தான் நிறைய பேர் தடுமாறுவாங்க. ஓடிபிசி (புரோகிராம் டேட்டாபேஸோட பேசற பொது வழி) அட்மினிஸ்ட்ரேட்டர் ரெண்டு இருக்கு, ஃபைல் பேரும் ஒண்ணுதான், ஆனா சிஸ்டம்32 ஃபோல்டர்ல இருக்கறது 64 பிட்டு, சிஸ்வாவ்64-ல இருக்கறது 32 பிட்டு. பேர பாத்து நம்பிடாதீங்க. சிஸ்டம் டிஎஸ்என் (டேட்டாபேஸ் இணைப்பு விவரம்) ரெண்டுலயும் தனித்தனி, ஒண்ணுல போட்டது இன்னொண்ணுல வேலைக்கு ஆகாது.

மில்லுல இருந்தது பழைய ஆக்சஸ் எம்டிபி ஃபைல், ஜெட் 4.0-ங்கற பழைய டிரைவர் வழியா திறக்குது. ஜெட்டுக்கு 64 பிட் கிடையவே கிடையாது. பழைய கம்ப்யூட்டர் 32 பிட் விண்டோஸ், அதனால எனி சிபியுல (விண்டோஸ் எத்தன பிட்டோ அதுக்கேத்த மாதிரி ஓடற செட்டிங்) பில்டு பண்ணது அங்க 32-ஆ ஓடிச்சு, புதுசுல 64-ஆ ஓடுது, அவ்வளவுதான். ஜெட்டுக்கு பதிலா வந்த ஆக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சின் 2010-லேர்ந்து 64 பிட்லயும் இருக்கு, ஆனா கம்ப்யூட்டர்ல 32 பிட் ஆபீஸ் இருந்தா அது ஏற மறுக்கும், வம்படியா ஏத்தாதீங்க. விஷுவல் ஸ்டூடியோல பிளாட்ஃபார்ம் டார்கெட்ட எக்ஸ்86 (அதாவது 32 பிட்) ஆக்கி திரும்ப பில்டு பண்ணேன், திறந்துடுச்சு.

சி0000005 வந்தவங்களுக்கு: நீங்களே சி, சி++ல ஓடிபிசி எழுதியிருந்தா எஸ்கியூஎல்பைண்ட்கால்ல கடைசி ஆர்கியூமென்ட்ட பாருங்க. பழைய கோடுல அங்க 4 பைட் வேரியபிள் இருக்கும், 64 பிட் டிரைவர் அதுல 8 பைட் எழுதும், நாலு மூட்டை எடத்துல எட்டு மூட்டைய அடுக்குனா பக்கத்துல இருக்கறது சரியத்தான் செய்யும். அந்த வேரியபிள எஸ்கியூஎல்லென் டைப்புக்கு மாத்துங்க. கோடு உங்களுது இல்லன்னா டிரைவரோட புது வெர்ஷன் போட்டு பாருங்க.

மாத்துனதும் காப்பி ஃபைல்ல பத்து இருபது சீட்டு போட்டு பாருங்க. ஈவென்ட் வியூவர்ல புதுசா சிவப்பு விழலன்னா அடுத்த லாரிய மேடைல ஏத்தலாம்.